மூச்சுக்குக் கணக்கு எழுதிய லவாய்சியர்

பாரீஸ் நகரம். 1790ஆம் ஆண்டு.

ஒரு பெரிய அறை. மேஜைகளின் மேல் கண்ணாடி ஜாடிகள், குழாய்கள், தராசுகள். நடுவே ஒரு நாற்காலியில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார். வயது 23. பெயர் செகுவின்.

அவருடைய முகத்தை ஒரு முகமூடி மூடியிருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, வாயு நிரம்பிய பாத்திரத்துக்குப் போகிறது. அந்தக் குழாய் வழியாகத்தான் அவர் மூச்சு விடவேண்டும். வெளிக்காற்று உள்ளே வர இடமில்லை.

செகுவின் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காலால் ஒரு மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருக்கிறார். ஒருவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். இன்னொருவர் நின்றுகொண்டு எல்லாவற்றையும் நடத்துகிறார். ஓரத்தில் ஒரு சிறு மேஜை. அதன் முன்னால் ஒரு பெண்மணி அமர்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்.

நின்றுகொண்டு நடத்துகிறவர்தான் லவாய்சியர். எழுதுகிறவர் அவருடைய மனைவி மேரி ஆன். இந்தக் காட்சியைப் படமாக வரைந்தவரும் அந்த அம்மாள்தான். தன்னையும் அந்தப் படத்தில் ஓர் ஓரத்தில் வரைந்து வைத்தார். இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த அறையில் நடந்ததை நாம் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால், அது அந்த அம்மாளின் கைவண்ணம்.

ஓடினால் மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறினால் இருதயம் படபடவென்று அடிக்கிறது. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால், வேலை செய்கிற மனிதனுக்கு எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளந்து, எண்ணால் எழுதிக் காட்டியவர்களில் முதல்வர் லவாய்சியர்.

அளந்து முடித்த நான்காம் ஆண்டில் அவருடைய தலையை வெட்டிவிட்டார்கள்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

லவாய்சியர் பாரீசில் 1743ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ந் தேதி பிறந்தார். தகப்பனார் வக்கீல். வசதியான குடும்பம்.

பையனுக்கு 5 வயதாகும்போது தாய் இறந்துபோனாள். தாயின் சகோதரி கான்ஸ்டன்ஸ் அவனை எடுத்து வளர்த்தாள். அந்த அம்மாள் கடைசிவரை கலியாணமே செய்துகொள்ளவில்லை.

தகப்பனாரைப் போல மகனும் சட்டம் படித்தார். வக்கீல் பட்டமும் வாங்கினார். ஆனால் மனம் கோர்ட்டுக்குப் போகவில்லை. பாறை, உப்பு, தண்ணீர், காற்று என்று விஞ்ஞானத்தின் பின்னால் போயிற்று. பெரிய நகரத்தின் தெருக்களுக்கு நல்ல விளக்கு எப்படிப் போடுவது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக 1766ஆம் ஆண்டு மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1768ஆம் ஆண்டு, 25 வயதுகூட நிரம்பாத நிலையில், பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இடம் பெற்றார்.

அதே ஆண்டில் இன்னொரு காரியமும் செய்தார். அதுதான் பின்னால் அவருக்கு எமனாக வந்தது.

வரிக் குத்தகை

அந்தக் காலத்தில் பிரான்சில் பல வரிகளை மன்னரின் ஆட்கள் நேராக வசூலிப்பதில்லை. குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். பணக்காரர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து மன்னருக்கு ஒரு தொகையைக் கட்டிவிடுவார்கள். பிறகு மக்களிடமிருந்து அவர்களே வசூல் செய்துகொள்வார்கள். கட்டியதற்கு மேல் வருவது அவர்களுக்கு லாபம்.

உப்புக்கு வரி. புகையிலைக்கு வரி. நகரத்துக்குள் வரும் சரக்குக்கு வரி. உப்பு வரி என்றால் என்ன என்று நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. குத்தகைக்காரர்கள் என்றாலே மக்களுக்கு வயிறு எரியும்.

லவாய்சியர் இந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு வாங்கிச் சேர்ந்தார். கையில் இருந்த சொத்தை நல்ல வருமானம் வரும் இடத்தில் போட்டார், அவ்வளவுதான். விஞ்ஞானத்துக்குப் பணம் வேண்டும் அல்லவா? அவர் செய்வித்த தராசுகளுக்கும் கருவிகளுக்கும் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? உப்பு வாங்கிய ஏழையின் மடியிலிருந்தும் வந்தது. இதை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது.

கூட்டாளிகளில் ஒருவர் பால்ஸ். அவருக்கு ஒரு மகள். பெயர் மேரி ஆன். 50 வயதான ஒரு பிரபுவுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கும்படி பெரிய இடத்திலிருந்து நெருக்குதல் வந்தது. பெண் ஒப்பவில்லை. தகப்பனாரும் ஒப்பவில்லை. 1771ஆம் ஆண்டு டிசம்பரில் லவாய்சியருக்கு அவளை மணம் முடித்து வைத்தார். மாப்பிள்ளைக்கு வயது 28. பெண்ணுக்கு 14கூட நிரம்பவில்லை. இன்று கேட்டால் திடுக்கிடுகிறோம். அன்று பெரிய வீடுகளில் அது வழக்கம்.

அந்தச் சிறு பெண் என்ன செய்தாள் என்பதுதான் விசேஷம். கணவருக்கு ஆங்கிலம் வராது. அவள் ஆங்கிலம் படித்தாள். இங்கிலாந்து விஞ்ஞானிகளின் நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தாள். பெரிய ஓவியர் டேவிட்டிடம் சித்திரம் கற்றாள். கணவரின் புத்தகத்துக்குக் கருவிப் படங்களை எல்லாம் அவளே வரைந்தாள். பரிசோதனைக் குறிப்புகள் அவள் கையெழுத்தில் இருக்கின்றன.

தினமும் காலை 6 மணி முதல் 9 மணி வரை விஞ்ஞானம். பகலெல்லாம் வரிக் குத்தகை, வெடிமருந்துச் சாலை வேலை. மீண்டும் இரவு 7 மணி முதல் 10 மணி வரை விஞ்ஞானம். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் பரிசோதனை. அந்த ஒரு நாளில் இளைஞர்கள் வந்து கூடுவார்கள். லவாய்சியருக்கு அதுதான் திருநாள்.

மெழுகுவர்த்தியும் மனிதனும்

லவாய்சியருக்கு ஒரு பழக்கம். எதையும் எடை போடாமல் விடமாட்டார். மூடிய பாத்திரத்தில் ஒரு பொருளை எரித்தால், எரிப்பதற்கு முன் என்ன எடை, எரித்த பின் என்ன எடை என்று நிறுத்துப் பார்ப்பார். வரவும் செலவும் சரியாக வரவேண்டும். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு உள்ள அதே பிடிவாதம்!

1774ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி பாரீசுக்கு வந்தார். லவாய்சியர் வீட்டு விருந்தில் ஒரு புதுமையைச் சொன்னார். பாதரசத்திலிருந்து கிடைக்கும் ஒரு சிவப்புப் பொடியைச் சூடாக்கினால் ஒருவித வாயு வருகிறது. அதில் மெழுகுவர்த்தியை வைத்தால் ஜகஜ்ஜோதியாய் எரிகிறது!

லவாய்சியர் அந்தப் பரிசோதனையைத் தாமும் செய்து பார்த்தார். வாயுவைக் கண்டுபிடித்தவர் பிரீஸ்ட்லி. சுவீடனில் ஷீலே என்பவரும் தனியாகக் கண்டிருந்தார். ஆனால் அது என்ன, என்ன வேலை செய்கிறது என்று சரியாகப் புரிந்துகொண்டவர் லவாய்சியர்தான். ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நாம் பிராணவாயு என்கிறோம்.

விளக்கு எரியும்போது பிராணவாயு செலவாகிறது. கரியமிலவாயு உண்டாகிறது. வெப்பம் வருகிறது. மனிதன் மூச்சு விடும்போதும் பிராணவாயு செலவாகிறது. கரியமிலவாயு வெளியே வருகிறது. உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? நமக்குள்ளும் ஒரு தீ எரிகிறதா?

இதை நிரூபிக்க, 1782ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் லாப்லாஸ் என்ற கணித மேதையுடன் சேர்ந்து வேலை செய்தார். ஒரு விசித்திரமான பாத்திரம் செய்தார்கள். உள்ளே ஒரு கூடு. சுற்றிலும் பனிக்கட்டி. அதற்கு வெளியே, அறையின் வெப்பம் உள்ளே போகாதபடி இன்னொரு சுற்றுப் பனிக்கட்டி. கூட்டுக்குள் ஒரு கினிப்பன்றியை விட்டார்கள். பெயர்தான் பன்றி, எலியைவிடச் சற்றுப் பெரிதான, வாலில்லாத சாதுப் பிராணி.

10 மணி நேரம் அது உள்ளே இருந்தது. அதன் உடம்புச் சூட்டில் ஏறக்குறைய 400 கிராம் பனிக்கட்டி உருகித் தண்ணீராய் வழிந்தது. அத்தனை நேரத்தில் அது எவ்வளவு கரியமிலவாயு விடும் என்று வேறாகக் கணக்கிட்டார்கள். அதே அளவு கரியமிலவாயு வரும்படி அடுப்புக்கரியை எரித்து, அது எவ்வளவு பனிக்கட்டியை உருக்குகிறது என்றும் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் ஏறக்குறைய நெருங்கி வந்தன.

கரி எரிவதும் பிராணி மூச்சு விடுவதும் ஒரே காரியம்! அடுப்பில் வேகமாக எரிகிறது. உடம்பில் மெதுவாக, சுடர் இல்லாமல் எரிகிறது. விறகு எது? நாம் சாப்பிடும் சாப்பாடு.

முகமூடிக்குள் மூச்சு

பிராணிக்குச் சரி. மனிதனுக்கு? அதிலும் வேலை செய்கிற மனிதனுக்கு?

இந்தக் கேள்வியுடன்தான் 1790ஆம் ஆண்டு செகுவினை நாற்காலியில் உட்கார வைத்தார். செகுவினும் சளைத்தவர் அல்ல. தம் உடம்பையே பரிசோதனைக்குக் கொடுத்தார்.

முதலில், வெறும் வயிற்றில் செகுவின் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு 24 லிட்டர் பிராணவாயு செலவாயிற்று. அன்று பிரான்சில் லிட்டர் கணக்குக் கிடையாது. அவர்களுடைய அளவை நம் அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன். அறை குளிர்ந்தபோது 27 லிட்டர். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள உள்ளே தீ கொஞ்சம் அதிகம் எரிகிறது என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு சும்மா இருந்தபோது 38 லிட்டர்.

இனி வேலை. 7 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைக் கால்மணி நேரத்தில் 200 மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமமான உழைப்பு. வெறும் வயிற்றில் இந்த வேலையைச் செய்தபோது, மணிக்கு 63 லிட்டர் என்ற கணக்கில் பிராணவாயு ஓடியது. சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தபோது 91 லிட்டர்!

சும்மா இருப்பவனைப்போல உழைப்பவனுக்கு இரண்டரை மடங்குக்கு மேல், ஏறக்குறைய நாலு மடங்கு வரை காற்று. இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால், சும்மா இருக்கும்போது அவர் கண்ட அளவு சற்று அதிகம்தான். ஆனாலும் மின்சாரமில்லாத காலத்தில், ஜாடியும் குழாயும் வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டத்தில் வந்தாரே! அதுவல்லவா திறமை!

நாடியையும் மூச்சையும் அவர்கள் விடாமல் எண்ணினார்கள். வேலை கூடக்கூட நாடித்துடிப்பு கூடியது. மூச்சின் எண்ணிக்கையும் கூடியது. மனிதன் தன் பலத்துக்கு மீறிப் போகாதவரை இந்த ஏற்றம் ஒரு ஒழுங்கில் நடக்கிறது என்று கண்டார்கள். அதாவது, ஒருவனுடைய நாடியையும் மூச்சையும் எண்ணினால் அவன் எவ்வளவு உழைத்தான் என்று சொல்லிவிடலாம். மேடையில் பேசுகிறவன், வாத்தியம் வாசிக்கிறவன், உட்கார்ந்து யோசிக்கிறவன், இவர்களுடைய உழைப்பைக்கூட இப்படி அளக்க முடியும் என்று லவாய்சியர் எழுதினார்.

இன்னொரு ஆச்சரியம். இவ்வளவு தீ எரிந்தும் செகுவினுடைய உடம்புச் சூடு அவ்வளவாக ஏறவில்லை. ஏன்? வியர்வை! மூச்சு எரிக்கிறது, சாப்பாடு விறகு போடுகிறது, வியர்வை குளிர்விக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன என்று அவர் விளக்கினார்.

வீட்டிலேயே பார்க்கலாம்

இதில் ஒரு பங்கை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். காசு செலவில்லை. ஒரு கடிகாரம் இருந்தால் போதும்.

கால்மணி நேரம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மற்றக் கையின் மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். நம் நாட்டு வைத்தியர் நாடி பார்க்கிற இடம்தான். ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பெரியவர்களில் பலருக்கு 60 முதல் 80 வரை இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இதைவிட அதிகம், பயப்பட வேண்டாம். பிறகு மாடிப்படியில் நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள். உடனே எண்ணுங்கள். நூறைத் தாண்டியிருக்கும். இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த விளையாட்டுக்குப் போகவேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் அரை லிட்டர் காற்று. இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைச் சுற்றுக்கு அனுப்புகிறது. ஓட ஆரம்பித்ததும் காலின் தசைகள் பிராணவாயு கேட்கின்றன. அதைச் சுமந்துபோகும் வண்டி ரத்தம். வண்டி வேகமாகப் போனால்தானே சரக்கு போய்ச் சேரும்? அதனால் இருதயம் வேகமாக அடிக்கிறது. கடுமையாக ஓடும்போது நிமிஷத்துக்கு 20 லிட்டர் ரத்தமும் அதற்கு மேலும் ஓடும். மூச்சும் 40 தடவைக்கு மேல் போகும்.

தசையில் எரிந்த கழிவான கரியமிலவாயு ரத்தத்தில் கலந்து வருகிறது. அது சிறிது கூடினாலும் மூளையின் அடிப்பாகம் உடனே கண்டுகொண்டு, மூச்சை வேகமாக விடச் சொல்கிறது. மூச்சை முடுக்குவது முக்கியமாகக் கரியமிலவாயுதான் என்பதை 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹால்டேன் என்பவர் தெளிவாக்கினார். ஓடி நின்ற பிறகும் உடனே மூச்சு அடங்குவதில்லை. ஓட்டத்தில் ஏற்பட்ட குறையைச் சரிக்கட்டும் வரை வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

தினமும் தேகப்பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. அவர்களுடைய இருதயம் ஒவ்வொரு அடியிலும் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகிவிடுகிறது. ஆகவே சும்மா இருக்கும்போது குறைவாக அடித்தாலே போதும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சிலருக்கு நாடி நிமிஷத்துக்கு 50க்குக் கீழேகூட இருக்கும்.

லவாய்சியர் ஓர் இடத்தில் தவறினார். அந்தத் தீ நுரையீரலில்தான் எரிகிறது என்று பெரும்பாலும் நினைத்தார். அப்படியில்லை. நுரையீரல் வெறும் வாசல்தான். 1837ஆம் ஆண்டு மக்னஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, இரண்டு வாயுக்களும் ரத்தத்திலேயே இருப்பதைக் காட்டினார். எரிவது உடம்பு முழுவதும், ஒவ்வொரு தசையிலும்தான் என்று பின்னால் வந்தவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

உழைப்பவனுக்கு ஏன் குறைவு?

செகுவினின் மூச்சை அளந்த லவாய்சியர் அத்துடன் நிற்கவில்லை. கணக்கு அவரை வேறொரு இடத்துக்கு இழுத்துச் சென்றது.

உழைக்கிறவன் அதிகம் எரிக்கிறான். ஆகவே அவனுக்குச் சாப்பாடு அதிகம் வேண்டும். சும்மா இருக்கிறவனுக்குக் கொஞ்சம் போதும். ஆனால் ஊரில் என்ன நடக்கிறது? உழைக்கிற ஏழைக்கு அரை வயிறு. சும்மா இருக்கும் சீமானுக்கு விருந்து! அதிகம் வேண்டியவனுக்குக் குறைவு, குறைவு போதும் என்பவனுக்கு அதிகம் என்று ஆனது எந்த விதியால் என்று அந்தக் கட்டுரையிலேயே கேட்டார். இயற்கை மேல் பழி போடாதீர்கள், இது மனிதர்கள் செய்த ஏற்பாடு, மனிதர்களே மாற்றலாம் என்பது அவர் எழுதியதன் சாரம். புரட்சி வந்து கூலி உயரும் என்று நம்பினார்.

வரிக் குத்தகைப் பங்காளி எழுதியது இது! வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1788ஆம் ஆண்டு, தம் பண்ணைக்கு அருகில் இருந்த பிளுவா நகரத்தில் தானியப் பஞ்சம் வந்தபோது, வட்டியில்லாமல் பணம் கொடுத்து உதவியவர் அவர். சிறைச்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, கைதிகளுக்கு நல்ல காற்றும் தண்ணீரும் வேண்டும் என்று அறிக்கை எழுதியவர். ஆனாலும் அவருடைய பெயர் குத்தகைக்காரர் பட்டியலில் இருந்தது.

சுவர்

பாரீசுக்குள் வரி கட்டாமல் சரக்குகள் திருட்டுத்தனமாக வந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்க நகரத்தைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பவேண்டும் என்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் லவாய்சியர். 1780களில் சுவர் எழும்பியது. நகரமே கொதித்தது.

1791ஆம் ஆண்டு மாரா என்ற புரட்சிக்காரர் தம் பத்திரிகையில் லவாய்சியரைத் தாக்கி எழுதினார். முன்பு மாராவும் விஞ்ஞானியாகப் பேர் வாங்க ஆசைப்பட்டவர். நெருப்பைப் பற்றி அவர் எழுதியதை லவாய்சியர் மதிக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. சுவர் கட்டிப் பாரீசுக்கு நல்ல காற்று வராமல் அடைத்துவிட்டான் என்பது மாராவின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மனிதனுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்னவர் மீது, ஊருக்குக் காற்றை அடைத்தார் என்று பழி!

அதே 1791இல் வரிக் குத்தகை ஒழிந்தது. 1793 ஆகஸ்டில் விஞ்ஞானக் கழகத்தையும் மூடிவிட்டார்கள். லவாய்சியர் அப்போது தசாம்ச அளவை முறைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். 1958 முதல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த கிலோவும் கிராமும் அந்த வேலையில் பிறந்தவைதான்.

1793 நவம்பர் 24ந் தேதி, பழைய குத்தகைக்காரர்கள் எல்லோரையும் பிடிக்க உத்தரவு வந்தது. லவாய்சியர் சில நாட்கள் மறைந்திருந்தார். பிறகு மாமனார் பால்ஸும் அவரும் தாங்களே போய்ச் சரணடைந்தார்கள். அளவை வேலைக்கு இவர் வேண்டும், விடுதலை செய்யுங்கள் என்று கூட இருந்த விஞ்ஞானிகள் எழுதிக் கேட்டார்கள். பலிக்கவில்லை. சிறையில் இருந்தபடியே தம் கட்டுரைகளைத் தொகுத்து அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். மேரி ஆன் வெளியே வாசல் வாசலாக ஏறி இறங்கினாள்.

1794ஆம் ஆண்டு மே 8ந் தேதி விசாரணை. புகையிலையில் தண்ணீர் கலந்தார்கள், அதிக வட்டி வாங்கினார்கள், நாட்டின் எதிரிகளோடு சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. அன்றைக்கே தீர்ப்பு. அன்றைக்கே தண்டனை.

நாட்டுக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. தலை விழுந்த பிறகும் லவாய்சியர் கண்ணைச் சிமிட்டிப் பரிசோதனை செய்தார் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் கட்டுக்கதைதான். கதை கட்ட வேண்டிய அவசியமே இல்லை, நடந்ததே போதும்.

மாலையில் 28 பேரை வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். பெரிய மைதானத்தில் கில்லட்டின் யந்திரம். மூன்றாவதாக மாமனார் ஏறினார். நான்காவதாக மருமகன். அப்போது லவாய்சியருக்கு வயது 50.

மேரி ஆனுக்கு ஒரே நாளில் தகப்பனாரும் போனார், கணவரும் போனார். வீடும் கருவிகளும் புத்தகங்களும் பறிமுதலாயின. அவளையும் சில காலம் சிறையில் வைத்தார்கள். ஆட்சி மாறிய பிறகு, 1795ஆம் ஆண்டு பொருள்கள் திரும்பி வந்தன. தவறாகத் தண்டிக்கப்பட்டவரின் விதவைக்கு என்று அதில் எழுதியிருந்தது.

முகமூடி போட்டு மிதிகட்டை மிதித்த செகுவின், பிற்காலத்தில் பட்டாளத்துக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்துப் பெரும் பணக்காரர் ஆனார். மேரி ஆன் மறுமணம் செய்துகொண்டாள், அது நிலைக்கவில்லை. கணவர் சிறையில் தொகுத்து வைத்த கட்டுரைகளை அவள் விடவில்லை. தானே முன்னுரை எழுதிப் புத்தகமாக்கினாள். கடையில் விற்கவில்லை, விஞ்ஞானிகளுக்கு இலவசமாகக் கொடுத்தாள். கணவர் போய் 42 ஆண்டுகள் கழித்து, 1836ஆம் ஆண்டு காலமானாள்.